பொருந்துகிற லென்ஸ்

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மற்றவர்கள் கம்பெனிப் பெயருக்குப் பணம் கொடுக்கிறார்கள், நான் லென்ஸில் இருக்கிற கண்ணாடிக்குக் கொடுக்கிறேன். எந்தக் கம்பெனிக் கண்ணாடி வழியாகப் போகிறோம் என்று வெளிச்சத்துக்கு என்ன தெரியும்? யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். முக்கியமாக அக்காவிடம்.

பார்சலின் டேப்பைக் கத்தரிக்கோலால் கீறிக்கொண்டே சின்னவள் மனதுக்குள் இதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். யாரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பது அவளுக்குத் தொழில். துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மெஷினைச் சமமான தரையில வச்சிருக்கீங்களா மேடம்? துணி அளவுக்கு மீறிப் போடலையே? பாக்கெட்ல ஏதாவது இருந்ததா பார்த்தீங்களா?" குரலில் தேன் ஒழுகும். மூன்றாவது கேள்விக்குள் தப்பு மெதுவாக நகர்ந்து வாடிக்கையாளர் மடியில் போய் உட்கார்ந்துவிடும். பிரிவிலேயே அவளுக்கு நல்ல பெயர்.

கேமரா வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் வீடு மாறும்போது கழித்துக்கட்டிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர். ஃபிலிம் போட்டு எடுப்பது. உடம்பு மட்டும்தான் கிடைத்தது, லென்ஸ் இல்லை. முன்னால் பொக்கை வாய் மாதிரி ஓர் ஓட்டை. அதே கம்பெனி லென்ஸின் விலையை அவள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இது லென்ஸ் மட்டுமா, இல்ல குடியிருக்க வீடும் சேர்த்துத் தர்றாங்களா?"

அன்றிலிருந்து வேட்டை ஆரம்பமானது. எந்தத் தேசத்துத் தொழிற்சாலை எந்தக் கேமராவைப் பார்த்து எதை நகலெடுத்தது, எந்த லென்ஸ் திருகி மாட்டுவது, எது சொருகி மாட்டுவது, இடையில் எந்த வளையத்தைப் போட்டால் அது இதில் உட்காரும் என்றெல்லாம் பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் படித்தாள். பரீட்சைக்குக்கூட அவள் இப்படிப் படித்ததில்லை. கடைசியில், யாரோ முகம் தெரியாத ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு பழைய லென்ஸ் கண்ணில் பட்டது. வேறு கம்பெனி, வேறு தேசம். ஒரு பித்தளை வளையம் போட்டால் இவள் கேமராவுக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தது. விலை, அசல் லென்ஸை வைக்கிற தோல் பைக்குக் கொடுக்கிற விலைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு படமெடுக்க வருகிற குழுவில் ஓவிய டீச்சர் ஒருத்தி உண்டு. இவள் வயதுதான். அவளிடம் கேட்டபோது, "மாட்டிக்கும்பா. ஆனா வேற கம்பெனி லென்ஸ் கிட்டத்துல கொஞ்சம் ஏமாத்தும். நாலு டம்ளரை வரிசையா வச்சு ஒரு படம் எடுத்துப் பார்த்துடு" என்றாள். சின்னவள் மண்டையை ஆட்டினாள். ஆட்டியதோடு சரி. சோதித்துப் பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். இவ்வளவு தேடிப் பிடித்ததை, இவ்வளவு பேரிடம் சொல்லிக்கொண்டதைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

பார்சலிலிருந்து எடுத்து மாட்டியதும் லென்ஸ் 'டிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்திலேயே அவளுக்கு எல்லாம் நிரூபணமாகிவிட்டது.

இந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராவில் ஒரு விசேஷம். லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. பார்க்கிற ஜன்னல் தனி, படம் விழுகிற வழி தனி. ஜன்னலின் நடுவில் மஞ்சளாகச் சின்னக் கட்டம் ஒன்று தெரியும். அதற்குள் எதிரில் இருப்பது இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக, இரண்டு மூக்கு நெருங்கி நெருங்கி ஒரே மூக்காகும். அப்போது அமுக்க வேண்டும். லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதை உள்ளேயிருக்கிற ஒரு சின்ன நெம்புகோல் தடவிப் பார்த்து ஜன்னலுக்குச் சொல்லும். லென்ஸ் சொல்வது ஒரு கணக்கும், கேமரா புரிந்துகொள்வது வேறு கணக்குமாக இருந்தால், ஜன்னலில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், ஃபிலிமில் வேறு ஏதோ விழும். தூரத்தில் இருப்பவற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கிட்டே வந்தால்தான் குட்டு வெளிப்படும். இதையெல்லாம் அவள் படித்திருந்தாள். படித்ததை ஓரமாக வைத்துவிட்டாள்.

முதல் ரோல் முழுக்கத் தெரு. பாலம், பஸ் நிறுத்தம், எதிர்ச்சாரி மாடியில் உலர்கிற போர்வைகள். ஸ்டூடியோவில் ஃபிலிமைக் கழுவி, படங்களை ஸ்கேன் செய்து அனுப்பியபோது ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்தில் ஒருவரையும் விடவில்லை. "இது இவ்வளவு கம்மி விலை லென்ஸ்ல எடுத்த படம்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் நம்ப முடியாமல் புருவத்தைத் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் படம் தேவைப்பட்டது.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். இருபது வயதிலிருந்து அந்த வேலைதான். பச்சைக் குழந்தை, மெலிந்த நரம்பு, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற மீசைக்காரர் என்று யார் வந்தாலும் அக்காவிடம்தான் அனுப்புவார்கள். ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, உள்முழங்கையை ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். பேசிக்கொண்டேயிருப்பாள். முடிந்தது, பஞ்சை அழுத்திப் பிடியுங்கள் என்று அவள் சொல்லும்போதுதான் குத்தியதே பலருக்குத் தெரியும். பரிசோதனை நிலையத்தின் வாசலில் ஊழியர்களின் படங்களை மாட்டப்போகிறார்களாம்.

"ஃபோன்ல எடுத்துக் குடுத்தா போதும்னு சொன்னாங்கடி."

"ஃபோனா? சும்மா இரு. நான் எடுக்கறேன். வாழ்க்கையில ஒரு நல்ல படமாவது உனக்கு இருக்கட்டும்."

அக்கா வீட்டின் முன்னறையில், ஜன்னல் ஓரமாக, வெள்ளைச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். உள்ளே வெளிச்சம் குறைவு. லென்ஸின் வாயை முழுக்கத் திறக்க வேண்டியிருந்தது. வாய் திறக்கத் திறக்கப் படத்தில் கூர்மையாக விழுகிற இடம் மெலிந்து ஒரு தாளின் பருமனுக்கு வந்துவிடும். அவள் கிட்டே போய், அக்காவின் இரண்டு கண்களையும் நாலாகப் பார்த்து, நாலையும் இரண்டாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாள்.

ஸ்கேன் வந்தது. அத்தனையிலும் அக்காவின் முகம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. கண் இமை இல்லை, உதட்டுக் கோடு இல்லை, எல்லாம் குழைந்து கிடந்தது.

ஆனால் காதில் கம்மல் இருந்தது. கல்லைப் பிடித்திருக்கிற குட்டிக் குட்டிக் கம்பிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. காதுக்குப் பின்னால் சிலும்பி நின்ற ஒற்றை நரைமுடி, ஊசியால் கீறியதுபோல் தெரிந்தது.

அதைச் சின்னவள் பார்த்தாள். பார்த்தாள் என்பதை இங்கே அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். தலை அசைந்திருந்தால் அந்தத் தலையில் தொங்குகிற கம்மல் மட்டும் எப்படி அசையாமல் இருக்கும் என்ற கேள்வி, கதவைத் தட்டும் தூரம்வரை வந்தது. அவள் எழுந்து போய்க் காப்பி கலந்தாள். திரும்பி வந்ததும் படத்தை மூடிவிட்டாள்.

ஃபோனில் அனுப்பியதும் அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி இது? ஆவி மாதிரி இருக்கேன்?"

"நீ ஆடிட்டேக்கா."

"நானா? நான் மூச்சுகூட விடலையேடி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

சொல்லும்போதே, அது தன் அலுவலகக் குரல் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தேன் அதில் ஒழுகியது. அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, கொஞ்சம் தாமதமாக, "நிஜமாவா ஆடினேன்?" என்று கேட்டாள்.

அந்தத் தாமதத்தின் காரணம் சின்னவளுக்குத் தெரியாததில்லை. அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் நடுக்கம். முதலில் டீக்கோப்பை சாசரில் கிடுகிடுத்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு தலை, யாரோ என்னவோ கேட்க, வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. அக்காதான் ஊட்டிவிட்டாள். அம்மா போன பிறகு, பேச்சுக்கு நடுவே அக்கா தன் விரல்களை விரித்து ஒரு கணம் பார்த்துக்கொள்வதைச் சின்னவள் பலமுறை கவனித்திருக்கிறாள். கவனிக்காததுபோல் இருந்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் இந்த வார்த்தை போய் விழுந்தது.

இரண்டாம் முறை எடுத்தபோது அக்கா பின்மண்டையைச் சுவரில் அழுத்தி, இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல் பிடுங்க வந்தவள் மாதிரி.

"கொஞ்சம் இயல்பா இரேன்கா."

"இயல்பா இருந்தாத்தானே ஆடறேன்?"

அதுவும் அப்படியேதான் வந்தது. குழைந்த முகம், கூர்மையான காது. இப்போது அவளுக்குப் பின்வாங்க இடமிருந்தது. லென்ஸைப் பார்க்கணும்கா, அது மலிவு லென்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது. "கொஞ்சந்தான்கா. லேசா. எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடேன்." அந்தக் குரலில் பாசம்கூட இருந்தது. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது பொய்யைவிட அந்தப் பாசம்தான்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். "இப்போதைக்குப் பெருசா ஒண்ணும் தெரியல. அம்மாவுக்கு இருந்ததுன்னு சொல்றீங்க. பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' போதுமானதாக இருந்தது. அக்கா தானாகவே நிலையத்தின் பெரிய டாக்டரிடம் போய், இனிமேல் ஊசி பிடிக்க வேண்டாமென்று நினைக்கிறேன், கவுண்டரில் உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டாள். "அடுத்தவங்க கைம்மா அது. என்னோடது இல்ல. நான் ஆடினா அவங்க நரம்பு கிழிஞ்சிரும்" என்றாளாம். வாசலில் மாட்ட, காவலாளி ஃபோனில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். அது பளிச்சென்று இருந்தது.

"பார்த்தியா, ஃபோன்ல நல்லாத்தான் இருக்கே" என்று சின்னவள் ஒரு நூல் விட்டுப் பார்த்தாள்.

"ஃபோன்ல இதெல்லாம் தெரியாதுடி. உன் கேமரா மாதிரி நல்லதுலதான் உள்ளே இருக்கிறது தெரியும்."

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவள் போல அக்கா இதைச் சொன்னாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் சின்னவள் ஆட்களைக் கிட்டே போய் எடுக்கவில்லை. ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒரு விடுமுறை நாள் மதியம், நாற்காலியில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்த அழகில் மயங்கி, ரோலில் மிச்சமிருந்ததை அவள் அவன்மேல் செலவழித்தாள்.

ஸ்கேன் வந்தபோது கூட நின்று பார்த்தவன் அவன்தான்.

"தலையணை நல்லா விழுந்திருக்கு. கோடு கோடா, எண்ணலாம் போல. தலையணைக்குப் படம் எடுத்தியா, எனக்கா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

"என் மூஞ்சி ஏன் பூசணிக்காய் மாதிரி இருக்கு? நானும் ஆடிட்டேனா? தூங்கும்போதுகூட ஆடறேன்னா, எனக்கும் உங்க அக்காவுக்கும் சேர்த்து ஒரே டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுடு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பை விழுங்கினான்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறை டம்ளர்களைக் கொண்டுவந்து மேசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சற்றுச் சாய்வாக வரிசையாக வைத்தாள். கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் அசையாமல் நிறுத்தி, நடு டம்ளரின் விளிம்பை இரண்டாகப் பார்த்து ஒன்றாக்கி எடுத்தாள். இதற்கென்றே ஒரு ரோல். முடிவு அவளுக்கு முன்னமே தெரியும். இருந்தாலும் படத்தில் நடு டம்ளர் மங்கி, அதற்குப் பின்னால் நின்றது கத்தி மாதிரி கூர்மையாக இருந்ததைப் பார்த்தபோது, யாரோ நாலு பேர் நடுவில் அவளைக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. டம்ளர் ஆடாது. டம்ளருக்கு அம்மா கிடையாது.

"இப்போ என்ன பண்ணப் போறே?" என்றான் கணவன்.

"சொல்லணும்."

"சொல்லு. ஆனா யோசிச்சுச் சொல்லு. நாள்பூரா ஊசியும் கையுமா இருந்தவங்க இப்போ நிம்மதியா பில் போடறாங்க. அதுவும் நல்லதுக்குத்தானே? லென்ஸ் மாத்திட்டேன், இப்போ படம் நல்லா வருதுன்னு சும்மா ஒரு படம் எடுத்துக் குடுத்துடேன். அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அந்த யோசனையை அவள் பல நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். அலுவலகத்தில் ஒரு பெண், "நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் மேடம், உங்க மெஷின்தான் துணியைக் கிழிக்குது" என்று அழமாட்டாக்குறையாகச் சொன்னபோது, வழக்கமான மூன்று கேள்விகளில் முதல் கேள்வியே வாயில் வரவில்லை. "ஆமாங்க, மெஷின்தான் தப்பா இருக்கும்" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரி ஹெட்ஃபோனை இறக்கிவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் உண்மையாக இருந்துவிட்டால் அக்காவிடம் இருந்ததாகிவிடுமா? ஆகாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

வாசலில் ஊழியர் படங்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள், காவலாளியின் ஃபோன் தயவில். உள்ளே, வெறும் வயிற்றோடு வந்தவர்கள் உலகத்தின்மேலேயே கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கையை மடக்கிப் பஞ்சை நசுக்கிக்கொண்டு சிலர். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் அக்கா, ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டையும் ஊன்றி, விரல் நுனி மட்டும் அசையும்படி ஒட்டினாள். எப்போதும் அந்தரத்தில் விளையாடிய கைகள் அவை. சின்னவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்னம்மா, நீங்க உள்ளே இல்லையா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்.

"நான் இங்கதான் சார், பில் போடறேன். உள்ளே புதுப் பொண்ணு இருக்கா. தங்கமான கை."

"போன தடவை அந்தத் தங்கமான கை நாலு எடத்துல தோண்டுச்சும்மா. உள்ளே ஏதோ புதையல் இருக்குன்னு நினைச்சுக்கிச்சு போல."

வரிசை சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே தங்கையைப் பார்த்துவிட்டாள்.

"அடியே! என்ன அதிசயம்? லீவா?" பக்கத்தில் இருந்த பெண்ணைத் தோளில் தட்டினாள். "இவதான் என் தங்கச்சி. சொன்னேன் இல்ல? டாக்டருக்கு முன்னாடியே கண்டுபிடிச்சவ. ஒரு படம்தான் எடுத்தா, பட்டுனு சொல்லிட்டா. இல்லைன்னா நான் பாட்டுக்கு யார் நரம்பையாவது கிழிச்சு வச்சிருப்பேன்."

அந்தப் பெண் மரியாதையாகப் புன்னகைத்தாள். சின்னவளுக்குப் பூமி பிளந்து வழிவிட்டால் தேவலை என்றிருந்தது. அக்காவின் முகத்தில் பெருமை. படித்த தங்கை, கெட்டிக்காரத் தங்கை. இந்தப் பெருமையின் முன்னால் அவள் திட்டமிட்டு வந்த முதல் வாக்கியம் மறந்துபோயிற்று.

"உன்கிட்ட தனியா பேசணும்கா."

கூட்டம் வடிந்ததும் அக்கா அவளை ரத்தம் எடுக்கிற அறைக்குக் கூட்டிப்போனாள். புதுப் பெண் டீ குடிக்கப் போயிருந்தாள். அகலக் கை வைத்த நாற்காலி ஒன்று, ஒரு ஸ்டூல், குழாய்கள் அடுக்கிய தட்டு. அக்கா பழக்கதோஷத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மீதியிருந்தது நோயாளி நாற்காலிதான். சின்னவள் அதில் உட்கார்ந்து ஃபோனை எடுத்து, டம்ளர் படத்தையும் கணவன் தூங்குகிற படத்தையும் காட்டினாள். லென்ஸ் வேறு கம்பெனி, மாட்டிக்கொள்ளும், ஆனால் கிட்டத்தில் எடுத்தால் கூர்மை கொஞ்சம் பின்னால்தான் விழும், நீ ஆடவில்லை என்று சொன்னாள். கேவலமாக, மூச்சு வாங்கச் சொன்னாள். டீச்சர் சோதிக்கச் சொன்னதையும் சோதிக்காததையும் சொன்னாள்.

அக்கா படங்களை மாறி மாறிப் பார்த்தாள். டம்ளர் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"அதனாலதான் என் கம்மல் அவ்வளவு நல்லா விழுந்துதா?"

சின்னவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கே பார்த்தேன்டி. கல்லெல்லாம் தெரியுதே, மூஞ்சி மட்டும் ஏன் இப்படின்னு. உன்கிட்ட கேட்கலாம்னு நினைச்சேன். அப்புறம், இவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்." ஃபோனை மடியில் வைத்தாள். "நீ அதைப் பார்க்கலையா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. சுத்தமான, வசதியான கணம். கவனிக்கலைக்கா என்று சொன்னால் அக்கா நம்புவாள். மன்னிக்கவும் செய்வாள். தப்பு லென்ஸின் மடியில் போய் உட்கார்ந்துவிடும்.

"பார்த்தேன்."

"எப்போ?"

"அன்னிக்கே."

அக்கா எழுந்து, தட்டில் சாய்ந்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். முதுகுதான் தெரிந்தது.

"நல்ல லென்ஸ்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு இருந்தேன்கா. அது கெட்டதுன்னு ஒத்துக்க முடியல. உன்னை..."

"என்னைச் சொல்றது சுலபமா இருந்துது." அக்கா திரும்பாமலே முடித்துவைத்தாள். "டம்ளர் பிடிக்கும்போதெல்லாம் பார்த்துக்கிட்டேன்டி. சாவியைப் பூட்டுல போடும்போது பார்த்துக்கிட்டேன். உன் மாமா தூங்கின அப்புறம் கையை நீட்டி வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். பார்க்கப் பார்க்க ஆடற மாதிரியே இருந்துது. அம்மா கை மாதிரியே இருந்துது." திடீரென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. "ஒரு லென்ஸுக்காகவாடி? அதுவும் மலிவு லென்ஸ். விலையுள்ளதா இருந்தாலாவது எனக்கு ஒரு கௌரவம்."

சின்னவள் அழவில்லை. அழுதால் அக்கா தேற்ற வந்துவிடுவாள். அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

கடைசிக் குழாயையும் நிமிர்த்திவிட்டு அக்கா திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் போயிருந்ததா, உள்ளே இறங்கியிருந்ததா என்று சொல்ல முடியவில்லை. வலது கையைத் தங்கைக்கு முன்னால் நீட்டினாள். ஊன்றாமல், எதையும் பிடிக்காமல், விரல்களை விரித்து.

"சரி. இப்போ பார்த்துச் சொல்லு."

"என்னது?"

"ஆடுதா, இல்லையா? நீதானே ஆடுதுன்னு சொன்னே? நீயே உன் வாயால ஆடலன்னு சொல்லு. இப்பவே போய்ப் பெரிய டாக்டர்கிட்ட என் ஊசியைத் திருப்பி வாங்கிக்கறேன். வேற யார் சொன்னாலும் எனக்கு மனசு கேட்காது. நீ சொன்னா கேட்கும்."

சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆடலக்கா, கல்லு மாதிரி நிக்குது. அக்கா அதைத்தான் கேட்கிறாள், அதைத்தான் எதிர்பார்க்கிறாள், அதைச் சொன்னால் இந்த அறைக்குள் எல்லாம் சரியாகிவிடும். மறுபடியும் தன் ஒரு வார்த்தையில் அந்தக் கை எழும், தன் ஒரு வார்த்தையில் விழும். இத்தனைக்குப் பிறகும் அக்கா தன் கையைத் தன் கண்ணால் பார்க்காமல் இவள் கண்ணால் பார்க்கத் தயாராக இருந்தாள். சின்னவளுக்கு அதைவிடப் பெரிய வெட்கம் வேறெதுவும் இல்லை என்று தோன்றியது.

அவள் அந்த விரல்களைப் பார்க்கவில்லை. பார்வையை அக்காவின் முகத்திலேயே வைத்திருந்தாள். முகத்தைப் பார்ப்பதும் எளிதாக இல்லை.

"பெரிய டாக்டர்கிட்ட நான் வர்றேன்கா. லென்ஸைப் பத்திச் சொல்றேன். நான் பார்த்துட்டும் சொல்லாம இருந்ததையும் சொல்றேன். அந்தக் கவுண்டர்ப் பொண்ணுகிட்டயும் சொல்றேன்."

"அதை அப்புறம் பார்ப்போம். இதுக்குப் பதில் சொல்லு."

"அது மட்டும் என்கிட்ட கேட்காதே."

"ஏன்? ஆடுதா?"

"நான் பார்க்கல."

"பாருங்கறேன். கண்ணு முன்னாடிதானே நீட்டியிருக்கேன்."

வெளியே யாரோ கவுண்டர் மணியை அடித்தார்கள். அக்கா அசையவில்லை. கை அந்தரத்தில் அப்படியே இருந்தது.

"வேணாம்கா" என்றாள் சின்னவள், மெதுவாக. "நான் சொல்ல மாட்டேன்."